ஏழாம் கட்டத்தில் வெடித்த டயர்

“ஏழாம் கட்டம் காலியா இருக்கே?” என்று படிவத்தைத் திருப்பித் தள்ளினார் கண்காணிப்பாளர்.

“டயர் வெடிச்சுதுன்னு மேலயே எழுதியிருக்கேன் சார்” என்றான் ஓட்டுநர்.

“அது நடந்த சங்கதி. ஏழாம் கட்டம் காரணம் கேக்குது. காரணம் இல்லாம ஸ்டோர்ல புது டயர் தர மாட்டாங்க. அது உன் தப்புன்னு ஆச்சுன்னா உனக்கு வண்டி கிடையாது. கீழ ரெக்கார்டு ரூம்ல ஃபைல் அடுக்கிக்கிட்டு இருப்பே.”

ரெக்கார்டு அறைக்கு ஜன்னலே கிடையாது. ஜன்னல் இல்லாத இடத்தில் பத்து நிமிடம் நின்றாலே ஓட்டுநருக்கு மூச்சு முட்டும். வேலைக்கு வந்து ஓராண்டுதான் ஆகிறது. காலையில் நடுச்சாலையில் முன் டயர் படாரென்று வெடித்தபோது, வண்டியை அலுங்காமல் ஓரங்கட்டியவன் அவன். பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த அதிகாரி, “என்ன, வந்தாச்சா?” என்று மட்டும் கேட்டார். அந்தச் சாமர்த்தியத்தை எழுதப் படிவத்தில் ஒரு கட்டமும் இல்லை.

‘வெயில்’ என்று எழுதினான்.

“இன்னும் நாலு வண்டி இருக்கு. அதுக்கெல்லாம் வெயில் அடிக்கலையா? சூரியனுக்கு உன்மேல மட்டும் என்னய்யா பகை?”

“அதெல்லாம் ஷெட்டுக்குள்ள நிக்குது சார். நம்ம இடத்துல மட்டும் உங்க ஸ்கூட்டர்...”

கண்காணிப்பாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அதை அடி.”

அடித்தான். ‘காற்று அதிகம்.’

“காத்துப் பாக்க வேண்டியது யாரு?”

“நான்தான் சார்.” சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவசரமாக அடித்துவிட்டு, ‘காற்று குறைவு’ என்று எழுதினான்.

“அப்பவும் நீதானேய்யா!”

‘அதிக பாரம்.’

“காலையில ஒருத்தரைத்தானே ஏத்திக்கிட்டு வந்தே?”

“போன வாரத்துப் பாரம் சார். டயருக்குள்ள இருக்கிற நூல் அறுந்தா அன்னிக்கே வெடிக்காதாம். நாலு நாள் கழிச்சுக்கூட வெடிக்குமாம். டயர் கடைக்காரர் சொன்னாரு.”

“போன வாரம் என்னத்தை ஏத்தினே?”

ஓட்டுநர் கூரையைப் பார்த்தான். “உங்க வீட்டு பீரோ சார்.”

“காலி பீரோய்யா அது!”

“துணியை எடுக்க வேண்டாம், அப்படியே ஏத்துன்னு உங்க வீட்டம்மாதான் சொன்னாங்க.”

“அடி! அடிச்சுத் தொலை!”

படிவத்தில் எழுத்தைவிட அடித்தல் அதிகமாகிவிட்டது. புதுப் படிவம் வாங்கி, ‘சாலையில் கிடந்த ஆணி’ என்று எழுதினான். ஆணிக்கு ஸ்கூட்டர் இல்லை, பீரோ இல்லை, கேட்க ஆளும் இல்லை.

கண்காணிப்பாளர் முகம் மலர்ந்தது. “இதை முதல்லயே எழுதியிருக்கக் கூடாதா? சரி, ஆணியை இணைச்சுடு.”

“சார்?”

“ஆதாரம் வேணாமா? ஒரு குண்டூசி போட்டு ஆணியைக் குத்திடு.”

ஆணிக்கு எங்கே போவது? தாழ்வாரச் சுவரில் இருந்த கடிகாரத்தை இறக்கி நாற்காலியில் சாத்திவிட்டு, அது தொங்கிய ஆணியைப் பிடுங்கினான். கடிகாரம் மெல்லச் சரிந்து தரையில் விழுந்து, மணி மூன்று ஐந்தோடு நின்றது.

சத்தம் கேட்டு வந்த கண்காணிப்பாளர், இன்னொரு படிவத்தை நீட்டினார். “இது கடிகாரத்துக்கு. ஏழாம் கட்டத்தை மறந்துடாதே.”

வெறுப்பில் யோசிக்காமல் எழுதினான்: ‘ஆணி இல்லை.’

இரண்டு படிவங்களையும் அருகருகே வைத்துப் படித்தார் கண்காணிப்பாளர். “இங்க ஆணி இருந்ததால வெடிச்சுது. அங்க ஆணி இல்லாததால விழுந்துச்சு. யார்கிட்டய்யா கதை விடறே? ‘ஓட்டுநரின் அதிவேகம்’னு எழுதிக் கையெழுத்தைப் போடு. நாளையிலேர்ந்து ரெக்கார்டு ரூம்.”

ஓட்டுநரின் பொறுமை அத்தோடு போயிற்று. “டயர் கிழம் சார்! வழவழன்னு தேஞ்சு கிடக்கு. நம்பரை ஸ்டோர்ல காட்டினா வயசு தெரிஞ்சிடும்!”

“அதெல்லாம் எதுக்கு இப்ப?” கண்காணிப்பாளரின் குரல் திடீரென்று பாகாக உருகியது. “உக்காருப்பா, டீ சொல்றேன். வெயில்னே எழுதிடுவோம். ஸ்கூட்டரை நான் எடுத்துடறேன்.”

அவன் உட்காரவில்லை. வாசலில் சாத்தியிருந்த வெடித்த டயரை ஸ்டோர் வரைக்கும் உருட்டிக்கொண்டே போனான். “தம்பி, தம்பி” என்று கண்காணிப்பாளர் பின்னால் ஓடி வந்தார்.

ஸ்டோரைப் பார்த்துக்கொள்ளும் அம்மா, டயரின் பக்கவாட்டில் இருந்த எண்ணைப் படித்தார். பதிவேட்டைப் புரட்டினார். ஒரு வரியில் விரலை வைத்தபடி நிமிர்ந்தார்.

“என்ன தம்பி, விளையாடறியா? இந்த டயர் மூணு வருஷத்துக்கு முன்னாடியே வெடிச்சு, பதிலுக்குப் புது டயரைச் சாரே கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போயாச்சே!”