தாய்மாமன் வராமல் அடுத்த பாட்டு இல்லை

திண்டுக்கல் ஜில்லாவில் பிடிவாதத்துக்குச் சிலை வைப்பதென்றால் எங்கள் தெரு 'ஒத்தாள் கச்சேரி'க்குத்தான் வைக்க வேண்டும். அவருடைய நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. ஒரு லேப்டாப், ஒரு மைக், மொபெட்டில் கட்டிய ஸ்பீக்கர் பெட்டி, அவ்வளவுதான் குழு. வாத்தியமெல்லாம் கரோக்கியில் வரும், குரல் மட்டும் இவருடையது. இல்லாத தபேலாக்காரரைத் திரும்பிப் பார்த்து "சபாஷ்!" என்று வேறு சொல்வார்.

பாட்டு வரிசையை மாற்றச் சொன்னால் மட்டும் மனிதருக்குப் பொறுக்காது. வத்தலக்குண்டில் கல்யாண மாப்பிள்ளையே குத்துப்பாட்டு கேட்டபோது, "அது கடைசில வரும், செத்த நேரம் பொறுங்க அப்பு" என்றுவிட்டார்.

என் மகள் காதுகுத்துக்குக் குஜிலியம்பாறை மண்டபத்துக்கு அவரைத்தான் அழைத்தேன். அன்றைக்கென்று என் மச்சானுக்குக் கோபம். பத்திரிகையில் அவர் பெயர் சின்ன எழுத்தில் விழுந்துவிட்டதாம். போட்டது அச்சகம், பழி என் தலையில்! சீர்த்தட்டோடு வந்தவர் எதிர்த்த டீக்கடையிலேயே உட்கார்ந்துவிட்டார். தாய்மாமன் மடியில் உட்கார வைக்காமல் பிள்ளைக்கு எப்படிக் காது குத்துவது? கூப்பிட்டுப் பார்த்துத் தோற்ற என் மனைவி வாசலில் நின்று அழுதாள்.

உள்ளே பிள்ளையார் பாட்டு முடிந்து, தாய்மாமனை வரவேற்கும் பாட்டு. பாடி முடித்தார். மாமன் வரவில்லை. திரும்ப முதலிலிருந்து போட்டார். திரும்பவும்.

"அண்ணே, சனம் கத்துது. அடுத்த பாட்டுக்குப் போங்க" என்றேன்.

"மாமன் வராம எப்படித் தம்பி போறது? வரிசைன்னா வரிசைதான்."

ஸ்பீக்கரை டீக்கடைப் பக்கம் திருப்பினார். தொண்டை கட்டியது, விடவில்லை. டீ ஆற்றுகிறவரிலிருந்து பஸ்ஸுக்கு நின்றவர்கள் வரை மச்சானையே பார்க்க ஆரம்பித்தார்கள். கடைசியில் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மண்டபத்துக்குள் பாய்ந்தார்.

"யோவ், நிறுத்துய்யா! ஊரே என்னைய வேடிக்கை பாக்குது!"

"வந்துட்டீங்கள்ல, நிறுத்திட்டேன்" என்றார் இவர், கரகரத்த குரலில்.

அதற்குள் என் மனைவி மச்சானின் கையைப் பிடித்துக்கொண்டாள். "வாண்ணே" என்று பிள்ளையிடம் இழுத்துப் போனாள். மச்சான் மூக்கை உறிஞ்சிக்கொண்டே பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்தார். காது குத்தியாயிற்று.

அடுத்த பாட்டின் இசை தொடங்கியது. ஒத்தாள் கச்சேரி வாயைத் திறந்தார். வெறும் காற்றுதான் வந்தது. ஆனாலும் வரிசை தப்பாமல் கடைசிப் பாட்டு வரை ட்ராக்கை ஓடவிட்டு, உதட்டை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றார். பந்தி தயார் என்று சொல்லியும் நாங்கள் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. அப்படி ஒரு கச்சேரியை என் ஆயுசில் நான் கேட்டதில்லை.