முதுகில் ஒரு மீட்டர்

அந்த யோசனை எனக்கு உதித்தது செஞ்சி வாசகசாலையில், ஓர் ஆங்கிலப் பத்திரிகையின் நடுப்பக்கத்தைப் பார்த்தபோது. படத்தில் ஒரு வெள்ளைக்கார நீச்சல் வீரன் இரு கைகளாலும் ஒரு கோலைப் பிடித்து, முழங்கையை மடக்காமல் தலைக்கு மேலே தூக்கி, அப்படியே முதுகுப் பக்கம் கொண்டுபோய்க் கொண்டிருந்தான். தோள் இளகினால் கை எட்டிப் போகும், கை எட்டினால் வேகம் கூடும் என்று முதல் இரண்டு வரியில் போட்டிருந்தது. (மூன்றாவது வரியையும் படித்திருக்கலாம். அதற்குள் நான் சைக்கிளில் ஏறிவிட்டேன்.)

அப்போது எனக்குப் பதினேழு வயது. சிங்கவரத்துக் கிணறுகளில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது என்பது என் எண்ணம். டிரில் மாஸ்டருக்கு வேறு எண்ணம். "தோளாடா இது? துருப்பிடிச்ச கேட்டு! கை காதைத் தாண்ட மாட்டேங்குதே" என்பார். இரண்டு நாளில் கடலூரில் மாவட்ட நீச்சல் தேர்வு. பஜாரில் துணிக்கடை வைத்திருந்த என் நைனா போட்ட நிபந்தனை ஒன்றுதான்: "முகூர்த்த சீசன். ரெண்டு நாளும் கடையில ஒழுங்கா நில்லு. ஒரு தப்பு நடந்துச்சு, கடலூரு கெடையாது."

மறுநாள் மத்தியானம் நைனா சாப்பிடப் போனதும், கோல் என்று சொல்லத்தக்க பொருளைத் தேடினேன். மீட்டர் கோல்! கஜம் போய் மீட்டர் வந்த புதிது. சர்க்கார் முத்திரை குத்திய அந்த இரும்புக் கோல் கடைக்கே ஒன்றுதான்.

முதல் முயற்சியில் தலைக்கு மேலே போனதும் பிடி நழுவியது. துணிக்கடைக்காரன் பிள்ளைக்கு இதெல்லாம் ஒரு பிரச்சினையா? கிழிந்த புடவைக் கரையால் இடது கையைக் கோலோடு கட்டினேன். வலது கையைப் பல்லால் கட்டினேன். (அந்த முடிச்சுதான் இன்றுவரை என் ஒரே சாதனை.) மூச்சை இழுத்துப் பிடித்துத் தள்ளினேன். 'கடக்' என்றது. கோல் இடுப்புக்குப் பின்னால் இறங்கிவிட்டது. வெற்றி!

திரும்பி வரத்தான் மறுத்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து நைனா வந்தார். கூடவே சிங்கவரத்திலிருந்து ஒரு கல்யாண வீட்டம்மா.

"மாப்ள வூட்டாருக்குச் சட்டைத்துணி. சீக்கிரம் அளங்க, பஸ்ஸு போயிடும்."

நைனா துணியை உருட்டிவிட்டு, என்னைப் பார்க்காமலே கையை நீட்டினார். "மீட்டர எடுறா."

கோல் நுனி தெரியாதபடி துணிக்கட்டுகளுக்கு நடுவில் ஒதுங்கிக்கொண்டேன். கைகளைப் பின்னால் வைத்து, பரம சாதுவாக நின்றேன்.

"இன்னாடா, ஜமீன்தாரு மாதிரி நிக்கிற? மீட்டரு எங்க?"

"இங்கதான் இருக்குது நைனா" என்று திரும்பிக் காட்டினேன்.

அந்த அம்மா பதறிவிட்டார். "ஐயோ, புள்ளைய இன்னாத்துக்குக் கட்டி வச்சிருக்கீங்க? எதனா திருடிட்டானா?"

நைனா முடிச்சை இழுத்துப் பார்த்தார். இறுகியது. கத்திரியைத் தேடினார். அதற்குள் பஸ் ஹாரன் கேட்டது. "நான் வேற கடையில பாத்துக்கறேன்" என்று அந்த அம்மா பையை எடுத்தார். நைனா ஒரு நொடிதான் யோசித்தார். என் பின்பக்கம் வந்து, துணியைக் கோலின்மேல் விரித்தார்.

"ஆடாத. ஒண்ணு... ரெண்டு... நேரா நில்லுடா, அளவு மாறுது!"

பதினெட்டு மீட்டர். ஒவ்வொன்றுக்கும் என் தோள் புதுப்புது ராகம் பாடியது. அந்த அம்மா சிரித்த சிரிப்பில் பஸ்ஸையும் விட்டுவிட்டு, நிதானமாக இன்னும் நாலு மீட்டர் வாங்கினார். பிறகுதான் கத்திரி வந்தது.

"நைனா... கடலூரு?"

"யாவாரம் கெடலியே. போய்த் தொலை."

தொலைந்தேன். விசில் அடித்ததும் குதித்தேன். தோள் இரண்டும் வேலைநிறுத்தம் செய்ய, கைகள் விலாவைத் தாண்டி எழவே இல்லை. காலை மட்டும் உதைத்து நான் கரை சேர்ந்தபோது, அடுத்த பந்தயக்காரர்கள் வரிசையில் நின்றிருந்தார்கள். டிரில் மாஸ்டர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார்: "கை செத்துப்போச்சு. ஆனா காலு பரவால்லடா. கணுக்கால் இன்னும் கொஞ்சம் இளகினா தேறுவ."

ஊர் திரும்பி மூன்றாவது வரியைப் படித்தேன். கைகளை அகலமாக வைத்துப் பிடிக்க வேண்டுமாம். வலித்தால் உடனே கோலை விட்டுவிட வேண்டுமாம்.

இரண்டு வருடம் ஆகிறது. இன்றும் சிங்கவரத்துக்காரர்கள் கடைக்கு வந்தால், "புள்ளையத் திரும்பி நிக்கச் சொல்லுங்க, அளவு கரெக்டா இருக்கும்" என்கிறார்கள். நைனா மீட்டர் கோலைப் பூட்டியே வைக்கிறார். ஈரத்துண்டை அகலமாகப் பிடித்து, முடிச்சுப் போடாமல் பழகி, என் கை இப்போது காதைத் தாண்டிவிட்டது. அடுத்த மாதம் கல்லூரி நீச்சல் தேர்வு. பாக்கி, கணுக்கால்தான். அதே பத்திரிகையில் அதற்கும் ஒரு படம் வந்திருக்கிறது: கனமான எதற்காவது அடியில் பாதத்தைச் செருகி, மெல்ல உட்கார வேண்டும். இம்முறை எல்லா வரியையும் படித்துவிட்டேன்.

கல்லாப்பெட்டிக்கு அடியில் என் பாதம் சரியாக நுழையும், அளந்து பார்த்துவிட்டேன். நாளை மத்தியானம் நைனா சாப்பிடப் போகட்டும்.