ஜன்னலில் ஒட்டிய அண்ணன் கால்

அன்புள்ள அண்ணன் இளவரசனுக்கு,

தங்கை இசைவாணி எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம், அங்கே அண்ணியும் பிள்ளைகளும் அப்படியே இருக்க வேண்டும். போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் உன் பெயர் வந்தாலே அம்மா என் போனைப் பிடுங்கிக் கவிழ்த்து வைக்கிறாள். பொங்கலுக்கு வந்தால் உனக்குக் கதவு திறப்பாளா என்பதே சந்தேகம். எல்லாம் என் பாடத்தால் வந்த வினை.

எங்கள் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் எதைக் கேட்டாலும் புத்தகத்தை ஒப்பிக்கிறார்களே, கொஞ்சம் சொந்தமாக யோசிக்கட்டும் என்று ஒரு பாடம் தயார் செய்தேன். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு எக்ஸ்ரே படம். என்ன தெரிகிறது, எதை வைத்துச் சொல்கிறாய், வேறு என்னவாக இருக்கலாம் என்று கேள்விகள். படத்துக்கு எங்கே போவது? நம் வீட்டு ஆணியில் தொங்குகிற உன் கால் படம்தான். நீ மாமரத்திலிருந்து விழுந்து, அப்பா உன்னைக் கள்ளக்குறிச்சிக்குத் தூக்கிக்கொண்டு ஓடி எடுத்தது. திரும்பும்போது பஸ்ஸில் படம் மடங்கக்கூடாதென்று அதற்கு ஒரு சீட்டு, நான் நின்றுகொண்டு வந்தேன், உனக்குத் திராட்சை, எனக்குக் காம்பு. உறையைப் பிரித்ததும் அப்பா ஞாபகம் வந்து அழுதுவிட்டேன் அண்ணா.

மகன் கால் பாடமாகிறதென்று அம்மாவும் வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள். நீ விழுந்து கால் ஒடிந்த கதையைச் சொல்லிப் படத்தைக் காட்டியதும், செழியன் என்ற பையன் எழுந்து, “டீச்சர், எங்கயும் ஒடியலயே” என்றான். “எத வச்சி சொல்ற?” “கோடே இல்ல, நேராக் கீது.” “சரி, வேற இன்னாவா இருக்கும்?” “பரீட்சைக்கு பயந்து டிராமா போட்டிருப்பாரு டீச்சர்.” வகுப்பே ஆமாம் ஆமாம் என்றது. அம்மா எழுந்தாள். “அடப்பாவி! இந்தக் காலுக்கா கோழியடிச்சி சூப்பு வெச்சி ஊத்தனேன்? தங்கச்சிப் பொண்ணு ஒண்டியா கொடம் கொடமா தண்ணி தூக்கிக்கினு கெடந்துதே!” உன் காலுக்காக வருஷா வருஷம் ரிஷிவந்தியம் கோயிலில் விளக்குப் போடுகிறவள், இந்த வருஷம் போகமாட்டாளாம்.

எனக்கும் கோபம்தான். ஆனால் நீ கட்டுப் போட்ட காலை நீட்டிக்கினு எனக்குத் தாயம் ஆடக் கத்துக்குடுத்தியே, என் வாழ்க்கையிலேயே நல்ல லீவு அதுதான். அதுவும் டிராமாதானா அண்ணா? உண்மையைச் சொல்லிடு, அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அண்ணிக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு அத்தையின் முத்தங்கள்.

உன் தங்கை,
இசைவாணி

பி.கு.: தபாலில் போடுவதற்குள் வகுப்பில் அப்சானா என்ற பிள்ளை, “டீச்சர், இது எந்தக் காலு?” என்று கேட்டுவிட்டது. எனக்குத் தோன்றாத கேள்வி. வீட்டில் அம்மாவைக் கேட்டேன். “ஒடிஞ்சது வலது காலுடி. ஒத்துப் பாக்கறதுக்குன்னு டாக்டரு ரெண்டு காலையும்தான் எடுக்கச் சொன்னாரு. ஒடிஞ்ச காலு படத்த, கட்டு கட்டுன வைத்தியரு வாங்கி வெச்சிக்கினாரே!” என்றாள். பள்ளிக்கு ஓடிப்போய்ப் பார்த்தால், நான் ஒட்டிய டேப்புக்கு அடியிலேயே இடது கால் என்ற அடையாளம். அம்மா அப்போதே ரிஷிவந்தியம் பஸ் ஏறிவிட்டாள். நீ பொங்கலுக்கு நாலு நாள் முன்னாடியே வந்துடு அண்ணா. இப்போ அவ பேசாம இருக்கறது என்கிட்ட.