யோகமலரின் கடை வாசலில் ஆர்தர் ராசாவின் வாள்

வோபர்ன், ஸ்காபரோ
வெள்ளி, மத்தியானம்

கல்கரி மாநகரில் கடுங்குளிரையும் வீட்டுக் கடனையும் ஒருசேரக் கட்டியாளும் என் அருமை மருமகன் பிரசாந்துக்கு, ஜெயரட்ணம் மாமா ஆசீர்வாதங்களோடு எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். என் வலது முழங்கால் மட்டும் இந்த வசனத்தில் சேராது.

வருகிற கிழமை நீ வந்து, உன் அம்மா, என் தங்கச்சி யோகமலரின் வடைக்கடையைப் பூட்டி, அவளை உன்னோடு கூட்டிக்கொண்டு போகப்போவதாகச் சொன்னாயாம். அதைக் கேட்டவள் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்தபடியே நின்றாள். புகை அலாரம் அடித்துத்தான் அவளை எழுப்பியது. போனில் சொன்னால் பாதியில் வெட்டிவிடுவாய் என்பதால் எழுத்தில் தருகிறேன்: வராதே.

அம்மாவின் கடை இருக்கிற பிளாசாவின் முதலாளியை உனக்குத் தெரியாது. ஆர்தர் என்ற பழைய ஆங்கில ராசாவின் கதையில் பித்தான வெள்ளைக்காரக் கிழவர். கல்லில் இறுகிக் கிடந்த வாளை உருவி எடுத்தவனாம் அந்த ராசா. பிளாசா ஈயாடிக் கிடப்பது பெயர்ப்பலகைகளில் வீரம் இல்லாத குறையால்தான் என்று கிழவருக்குத் தை மாதத்தில் ஞானம் பிறந்தது. கடைக்குக் கடை அந்தக் கதையில் வருகிற பெயராகப் பார்த்துத் தன் செலவிலேயே புதுப்பலகை மாட்டினார். மருமகனே, நான் நயாகராவைப் பார்த்துக் கொட்டாவி விட்டவன். இதைப் பார்த்துப் பிளந்த வாய் இன்னும் சரியாக மூடவில்லை. வருமானவரிக் கணக்கு எழுதுகிற அருள்நாயகத்தின் கந்தோருக்கு 'அரசவை மந்திரவாதி' என்று பெயர், பலகையில் முழத் தாடி. ஜெசிகாவின் அழகுநிலையம் 'ஏரிச் சீமாட்டி'. தண்ணீருக்குள்ளிருந்து ஒரு கை எழும்புகிறது, நகப்பூச்சோடு. கொத்துரொட்டிக் கடை 'வட்டமேசை'. உள்ளே எல்லாம் சதுரமேசை. டயர் கடைக்கு மேலே இரும்புச் சட்டை போட்ட வீரன் குதிரையில் இருக்கிறான், குதிரைக்கு நாலு வின்டர் டயர். பொழுதுபட்டு லைற் போட்டால் லோரன்ஸ் அவெனியூ இந்திரலோகம்தான். விமானங்கள்கூடக் கொஞ்சம் பதிந்து பறப்பதாக எனக்குப் படுகிறது.

உன் அம்மாவுக்குக் கிடைத்தது 'கல்லில் வாள்'. வாசலில் ஆளுயரப் பாறை, அதில் செருகிய பளபளக்கும் வாள்.

"வடை விக்கிற இடத்தில வாள் எதுக்கு அண்ணை? உள்ளுக்கு வெட்டுக்கொத்து நடக்குதெண்டெல்லோ சனம் நினைக்கும்," என்றாள்.

அப்படித்தான் நினைத்தது. வந்துகொண்டிருந்த சொற்பப் பேரும் நின்றுபோனார்கள். அந்தக் கவலையில் அவள் உனக்கு போன் எடுக்க, நீயும் கடையைப் பூட்டச் சொன்னாய்.

போன வெள்ளி நடந்ததைக் கேள். கோயில் சபையில் இருக்கிற மகேஸ்வரன் அண்ணை அந்தப் பக்கம் வந்தவர், வாளைக் கண்டதும் பனிக்குள்ளேயே சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். கல்லில் நட்ட சூலத்தையே வைரவராகக் கும்பிட்டு வளர்ந்த மனுசன்.

"அண்ணை, உது வாள். கல்லும் பிளாஸ்ரிக்," என்றேன்.

"ஐசே, வைரவர் என்ன ஆயுதத்தோட வரவேணுமெண்டு நீரோ தீர்மானிக்கிறது? உள்ள போய் வடைமாலை ஒண்டு கட்டுவிச்சுக்கொண்டு வாரும்."

வாளின் கைபிடியில் மாலை ஏறியதுதான் தாமதம், முதலாளிக் கிழவரின் கறுத்த நாய் காரிலிருந்து குதித்து வந்து அதில் வாய் வைத்தது. வைரவருக்கு வாகனம் நாய். அதற்குமேல் யார் சொல்லி யார் கேட்பது? பின்னேரமே தூரத்து றிச்மண்ட் ஹில்லிலிருந்துகூடக் கார்கள் வந்துவிட்டன. தன் ராசாவின் வாளைச் சனம் வலம்வருவதைக் கண்ட கிழவர் தொப்பியைக் கழற்றி, இத்தனை வருசத்தில் இந்தக் கதைக்கு இன்றுதான் மரியாதை கிடைத்தது என்று ஆங்கிலத்தில் தழுதழுத்தார். நான் அவரைத் திருத்தவில்லை. வைரவருக்கும் ராசாவுக்கும் பொதுவாக ஒரு கும்பிடு போட்டேன்.

இன்றைக்கு வடைக்கு நிற்கிற வரிசை டயர் கடையைச் சுற்றி வளைகிறது. உன் அம்மா மா பிசைந்த கையோடு சிரிக்கிறாள். உன் அப்பா போனபிறகு அவள் இப்படிச் சிரித்து நான் காணவில்லை. ஆகையால் விமான ரிக்கெற்றை ரத்துச் செய். அவளைக் கூட்டிப்போக வராதே.

வைரவரும் ஆர்தர் ராசாவும் ஆளுக்கொரு பக்கம் நின்று உன்னைக் காக்கட்டும்.

அன்பு மாமா,
ஜெயரட்ணம்

பி.கு.: இதை உன் அம்மா வாசித்துவிட்டாள். "விசரே அண்ணை உங்களுக்கு? பிள்ளையை வரவேண்டாமெண்டு ஆரும் எழுதுவினமே? கிரைண்டருக்குப் பக்கத்தில ஆளில்லாமல் நான் படுற பாடு. உடன வரச்சொல்லுங்கோ. திரும்பிப் போற ரிக்கெற் எடுக்கவேண்டாமெண்டும் சொல்லுங்கோ," என்கிறாள். எனவே மேலே உள்ளதையெல்லாம் மறந்துவிட்டு வா. உன் அளவில் சமையல் ஏப்ரன் தைத்தாயிற்று.