நாற்பது பலகையையும் அடுக்கியவன் நானே

நாவற்குடா,
2009.06.18

மதிப்பிற்குரிய கலாநிதி அழகரத்தினம் சேர் அவர்களுக்கு,

தங்கள் மாணவி யசோதினியின் தகப்பன் வினாயகமூர்த்தி பணிவுடன் எழுதிக்கொள்வது. மாமாங்கப் பிள்ளையார் அருளால் நானும் மனைவி சீதேவியும் சுகம். தாங்களும், தங்கள் குடும்பத்தாரும், தங்கள் பொறுப்பில் உள்ள நுணுக்குக்காட்டிகளும் குறைவின்றி இருக்கவேண்டும் என்று பிரார்த்திக்கிறேன்.

சுகம் என்று எழுதியது கடித மரியாதைக்காக. திங்கட்கிழமை தாங்கள் மகளுக்கு அனுப்பிய கடிதம் வந்ததிலிருந்து இந்த வீட்டில் ஒருவரும் சுகமில்லை. “நாற்பதுக்கு நாற்பதும் நான்குக்கு நான்கா? ஒன்றேனும் கலந்து வரவில்லையா? இவை எண்ணிப் பெற்றவையா, எண்ணாமலே எழுதியவையா? ஏழு நாளுக்குள் விளக்கம் தராவிட்டால் ஆய்வறிக்கை நிராகரிக்கப்படும்” என்று சிவப்புப் பேனையால் எழுதியிருந்தீர்கள். மகள் வாசித்தாள், மடித்தாள், மேசையில் வைத்தாள். மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. சுனாமிக்கு ஒருமுறை, சண்டைக்கு மூன்றுமுறை என்று மூடித் திறந்து, நான்கு வருடப் படிப்பு ஆறு வருடமாகி, கடைசியில் பட்டம் கைக்கெட்டுகிற நேரத்தில் பிள்ளைக்குக் கள்ளி என்ற பெயர். அதனால் நேரே விடயத்துக்கு வருகிறேன். என் மகள் பொய் எழுதவில்லை, சேர். அந்த நாற்பது பலகையையும் கலைத்து அடுக்கியவன் நான். மேசையில் அடுக்கி வைத்தது அவளுக்குத் தெரியும், குழாய்களை இடம் மாற்றியது தெரியாது. சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அதனால்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

முதலில் நான் யார் என்று சொல்லவேண்டும். முப்பத்தொரு வருடம் கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்து ஓய்வு பெற்றவன். என் கடையில் சவர்க்காரத்துக்குப் பக்கத்தில் சவர்க்காரம், தேயிலைக்குப் பக்கத்தில் தேயிலை. கண்ணைக் கட்டிவிட்டாலும் நெருப்புப்பெட்டியை எடுத்துத் தருவேன். ஓய்வு பெற்ற பின் அடுக்குவதற்கு ஒன்றும் இல்லாமல் சீதேவியின் மிளகாய்த்தூள் போத்தல்களை உயரவாரியாக நிறுத்தி ஏச்சு வாங்கிக்கொண்டிருந்தவன். இப்படிப்பட்ட மனிதன் இருக்கிற வீட்டுக்குள் ஒரு பிள்ளை ஆராய்ச்சியைக் கொண்டுவரக் கூடாது.

அந்த ஆராய்ச்சி எங்கே தொடங்கியது என்பது தங்களுக்கு முழுதாகத் தெரியாது. ஒரு பேக்கரியில் பாணெல்லாம் செம்மஞ்சள் நிறத்தில் பூஞ்சணம் பிடித்தது. ஒரேயொரு பாணில் மட்டும் அதே பூஞ்சணம் வெள்ளையாக இருந்தது. அந்தப் பேக்கரியின் பெயரை எவருக்கும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறேன். ஆகவே காத்தான்குடியில், பிரதான வீதியிலிருந்து கடற்கரைக்குத் திரும்பும் மூன்றாவது ஒழுங்கையில், பச்சைக் கதவு போட்ட, முகைதீன்பாவாவுக்குச் சொந்தமான ஒரு பேக்கரி என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். மகள் அந்த வெள்ளைப் பாணைக் கையில் ஏந்திக்கொண்டு, பரிசு கிடைத்தவள் மாதிரிச் சிரித்துக்கொண்டு வீதியில் இறங்கினாள். முகைதீன்பாவா என்னைப் பிடித்துக்கொண்டார். “மனேச்சர், அந்தப் புள்ளயச் சிரிக்காமப் போகச் சொல்லுங்க. பூஞ்சணத்த வித்தும் சிரிக்கிறானுகள் எண்டு சனம் கதைக்கும். நாளைக்கு என்ட பாண ஆரு வாங்குற?” என்றார். நியாயமான கேள்விதான்.

மகள் அந்த வெள்ளையையும் செம்மஞ்சளையும் ஒன்றாகக் கூடவிட்டாள். கூடினால் பயற்றங்காய் மாதிரி நுண்ணிய பை உண்டாகுமாம், அதற்குள் எட்டு வித்திகள் ஒற்றை வரிசையில் நிற்குமாம். பிரிந்த ஒழுங்கிலேயே நிற்கும், ஒன்றையொன்று முந்தாது. சங்கக்கடை வாசலில் முப்பத்தொரு வருடமும் நான் காணாத ஒழுக்கம் இது. அந்த எட்டையும் ஊசி முனையால் ஒவ்வொன்றாக எடுத்து, எட்டுக் குழாயில் வளர்த்து, எட்டுத் துளை போட்ட பலகையில் அதே ஒழுங்கில் நிறுத்துவது அவளுடைய வேலை. ஒரு பைக்கு ஒரு பலகை. பலகைகளை நிவாரணப் பெட்டிகளை உடைத்து நானே செய்து கொடுத்தேன். வளர்ந்தால் நான்கு குழாய் செம்மஞ்சள், நான்கு குழாய் வெள்ளை. ஆனால் எது எத்தனையாம் இடத்தில் நிற்கிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்றாள்.

ஏன் என்று கேட்டேன். எனக்காக, ஊர் இரண்டு சேரியாகப் பிரிந்து கொம்பில் கயிறு கட்டி இழுக்கிற கொம்புமுறி விளையாட்டை வைத்து விளக்கினாள். தங்களுக்கே பாடம் எடுப்பதாக நினைக்கவேண்டாம், எனக்கு விளங்கியது சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். நிறமூர்த்தம், அதாவது குரோமோசோம், என்பது கயிறு. அதைப் பிடித்து இழுக்கிற கொம்புதான் மையப்பாத்து. வடசேரி ஒரு பக்கம், தென்சேரி ஒரு பக்கம் இழுக்கிறது. நிறத்தைத் தீர்மானிக்கிற பரம்பரையலகு அந்தக் கயிற்றில் எங்கோ பிடித்துக்கொண்டு நிற்கிற ஓர் ஆள். கொம்புக்குக் கிட்ட நிற்கிறவன் முதல் இழுவையிலேயே தன் சேரியோடு போய்விடுவான், அப்போது வரிசை நான்கு நான்காகப் பிரியும். தூரத்தில் நிற்கிறவன் இழுபடுகிற அமளியில் மற்றச் சேரியின் கயிற்றுக்குத் தாவிவிடலாம், அப்போது நிறங்கள் இரண்டு இரண்டாகக் கலந்து வரும். நூறு பைக்கு எத்தனை கலந்து வந்தது என்று எண்ணிப் பாதியாக்கினால், அவன் கொம்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் நிற்கிறான் என்பது தெரிந்துவிடுமாம். பக்கம் மாறியவர்களை எண்ணித் தூரம் சொல்லும் இந்த முறையை நம் மாவட்டத்தில் வேறு விடயங்களுக்கும் பாவிக்கலாமே என்றேன். “அப்பா, அந்தக் கதைய இதோட விட்டிருங்க” என்றாள்.

இனிக் குற்றத்துக்கு வருகிறேன். மாசி மாதம் வளாக விடுதியைப் பத்து நாளுக்கு மூடினார்கள் அல்லவா. மகளுக்கு இன்னும் ஒரு பரீட்சை இருந்தது, அவள் சிநேகிதி வீட்டில் தங்கிக்கொண்டு, வளர்ந்து நின்ற நாற்பது பலகையையும் இரண்டு பெட்டியில் கட்டி என்னிடம் தந்து, “அப்பா, ஆட்டாமக் கொண்டு போங்க” என்று பஸ் ஏற்றிவிட்டாள். ஏறாவூருக்கு இங்கால் சோதனைச்சாவடி. எல்லோரும் இறங்கினோம். ஓர் இளம் சிப்பாய் பெட்டியைத் திறந்து என்ன இது என்று கேட்டார். என் சிங்களம் சங்கக்கடைச் சிங்களம், சீனி, பருப்பு, இல்லை, நாளைக்கு வாருங்கள் என்பதோடு முடிந்துவிடும். பதற்றத்தில் அவரைப் பார்த்து, “இல்லை, நாளைக்கு வாருங்கள்” என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு அவர் ஒரு பலகையையும் விடவில்லை. பலகை பலகையாக எட்டுக் குழாயையும் உருவி மேசையில் பரப்பி, வெயிலில் தூக்கிப் பார்த்து, கையில் வந்தபடி அதே பலகையில் திரும்பச் செருகினார். ஒரு குழாயின் பஞ்சை இழுத்துவிட்டார். செம்மஞ்சள் தூள் எழும்பி மூக்குக்குள் போக, ஆறு தும்மல் தும்மினார். பஸ்ஸில் வந்த சனம் முழுவதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. நான் “பாண், பாண்” என்றேன். அவர் யோசித்தார், காவல் கொட்டிலுக்குள் போனார், பூஞ்சணம் பிடித்த கால் றாத்தல் பாணோடு வெளியே வந்து, “மேக்கத் கெனியன்ன” என்று என் கையில் தந்தார். இதையும் கொண்டு போ என்கிறார். நல்ல பிள்ளை, எங்கிருந்தாலும் சுகமாக இருக்கட்டும்.

வீட்டுக்கு வந்து பலகைகளை மேசையில் வைத்தேன். பார்க்கச் சகிக்கவில்லை. வெள்ளைக்குப் பக்கத்தில் செம்மஞ்சள், அதற்குப் பக்கத்தில் இரண்டு வெள்ளை, மறுபடி செம்மஞ்சள். கை துடித்தது. “இஞ்சருங்க, புள்ளட சாமான்ல கை வைக்காதீங்க. மறுகா அவ வந்து சத்தம் போடுவா” என்று சீதேவி அடுப்படியிலிருந்து சொன்னாள். “ஒழுங்கா இருந்தா ஆரும் சத்தம் போடுவாங்களா?” என்று கேட்டுவிட்டு உட்கார்ந்தேன். நாற்பது பலகையிலும் இடப்பக்கம் நான்கு செம்மஞ்சள், வலப்பக்கம் நான்கு வெள்ளை. ஒரு காலை முழுவதும் செய்தேன். ஓய்வு பெற்ற பிறகு அவ்வளவு சந்தோசமாக ஒரு வேலையும் செய்ததில்லை. இரண்டு நாளில் மகள் வந்தாள். மேசையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், “வடிவா அடுக்கி வச்சிருக்கீங்கப்பா” என்றாள். நெஞ்சு நிமிர்ந்து திரிந்தேன். போன திங்கள் சிவப்புப் பேனையில் நாற்பதுக்கு நாற்பது என்று வாசித்த பிறகுதான் நான் அடுக்கியது என்ன என்று விளங்கியது.

இதில் எனக்கு மன்னிப்பே கிடையாது, சேர். ஏனென்றால் வரிசை என்றால் என்னவென்று எனக்கு ஒருத்தி முன்னரே சொல்லியிருந்தாள். சுனாமிக்குப் பிறகு முகாமில் உலர் உணவு பங்கிட்டது நான்தான். முதல் நாள் கடற்கரைச் சனம் இடையிடையே வெறும் இடம் விட்டு நின்றார்கள். எனக்கு இடைவெளி ஆகாது, “கிட்டக் கிட்ட வாங்க” என்று சத்தம் போட்டேன். மீன் விற்கிற இரத்தினம்மா அசையவில்லை. “மனேச்சர், எங்களக் கலைக்காதீங்க. ஒழுங்கையில வீடு இருந்த மாதிரித்தான் நிக்கிறம். எனக்கு முன்னுக்குக் கிடக்கிற இடம் கனகத்தார்ர. அவங்க வேற முகாமில இருப்பாங்க. வந்தா நிக்க இடம் வேணும்” என்றாள். அந்த இடத்துக்கு எவரும் வரவில்லை. அன்றைக்குப் பருப்பு அளந்துகொண்டே அழுதேன், அதைச் சொல்ல வெட்கமில்லை. அந்த வரிசையைக் கண்ணால் கண்டவன், நான்கு வருடத்தில் மறந்துபோய், என் பிள்ளையின் வரிசையைச் சவர்க்காரம் மாதிரி அடுக்கிவிட்டேன்.

ஆகவே அவளுடைய தண்டனையை எனக்குத் தாருங்கள். பூஞ்சணப் பாடத்தில் என்னைப் பெயில் போடுங்கள், அறுபத்துநான்கு வயதில் எனக்கு அதனால் பாதிப்பில்லை. பிள்ளைக்கு மட்டும் இன்னும் நாற்பது பை எண்ண அவகாசம் கொடுங்கள். அந்த நாட்களில் நான் பழுகாமத்தில் என் தம்பி வீட்டில் போய் இருந்துகொள்கிறேன்.

தங்கள் ஆய்வுகூடத்தில் மின்சாரம் நிலைக்கவும், தங்கள் பூஞ்சணங்கள் எட்டெட்டாய்ப் பெருகவும், தங்கள் சிவப்புப் பேனை மை வற்றி ஓய்வெடுக்கவும் பிள்ளையாரை வேண்டிக்கொள்ளும்,

தங்கள் பணிவுள்ள,
சி. வினாயகமூர்த்தி
(ஓய்வுபெற்ற மனேச்சர்)

பி.கு: உறையை ஒட்டுவதற்குள் மகள் கடிதத்தைப் பறித்து வாசித்துவிட்டாள். சிரித்தாள், பிறகு அழுதாள், பிறகு ஒரு பலகையைக் கொண்டுவந்து ஒரு குழாயைக் கவிழ்த்துக் காட்டினாள். அடியில் 17-3 என்று எழுதியிருக்கிறது. பதினேழாம் பலகை, மூன்றாம் இடம். முன்னூற்றிருபது குழாயிலும் அப்படியே எழுதி வைத்துத்தான் வித்தியையே போட்டாளாம். அன்று நான் கோயிலுக்குப் போன நேரத்தில் எண்ணைப் பார்த்து எல்லாவற்றையும் அதனதன் இடத்தில் வைத்துவிட்டுத்தான் எண்ணினாளாம். “சொன்னா உங்களுக்கு மனசு நோகும், அதான் சொல்லல்ல” என்றாள். கொப்பியைக் காட்டினாள். பத்தொன்பது பலகையில் வெள்ளை முன்னுக்கு நிற்கிறது, என் அடுக்கில் ஒன்றில்கூட அப்படி இல்லை. ஆனால் நாற்பதும் நான்குக்கு நான்கு. அந்த ஆள் உண்மையாகவே கொம்போடு ஒட்டிக்கொண்டு நிற்கிறான், சேர்.

அப்படியென்றால் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டேன். “பயத்தில இல்லப்பா, கோவத்தில. பிழையாச் செய்திருந்தா விளக்கம் எழுதலாம். சரியாச் செய்ததுக்கு என்னெண்டு விளக்கம் எழுதுற?” என்றாள். மேலே எழுதியதையெல்லாம் கிழிக்கச் சொன்னாள். நான் கிழிக்காமல் அனுப்புகிறேன். நாற்பதுக்கு நாற்பது என்றதும் அவள் பொய் எழுதினாள் என்று நீங்கள் நினைத்தீர்கள். நான் கெடுத்துவிட்டேன் என்று நான் நினைத்தேன். பிள்ளை சரியாகச் செய்திருப்பாள் என்பது படிப்பித்தவருக்கும் தோன்றவில்லை, பெற்றவனுக்கும் தோன்றவில்லை. நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டேன். அடுத்து நிற்பது நீங்கள்.