ஒன்பது நிமிடக் கட்டில்

விக்டோரியா ஏரித் தீவொன்றின் சுகாதார நிலையத்தில், எச்.ஐ.வி. தொற்றும் அபாயம் குறைவதற்காக ஆண்கள் தாங்களாகவே விரும்பி வந்து முன்தோலை நீக்கிக்கொள்ளும் பிரிவு ஒன்று உண்டு. அங்கே நர்ஸ் அபோண்டி ஓர் ஆளுக்கு முப்பது நிமிடம் எடுத்துக்கொண்டாள். இது மேலிடத்தின் தூக்கத்தைக் கெடுத்தது.

செயல்திறன் அலுவலர் வசோங்கா கடிகாரமும் கையுமாகப் படகில் வந்து இறங்கினார். மூன்று நாள் பக்கத்திலேயே நின்று பார்த்தார். கத்தி வேலை ஒன்பது நிமிடம்தான், மிச்சமெல்லாம் பேச்சும் காத்திருப்பும் என்று கண்டுபிடித்தார்.

"ஊசி போட்டுட்டு ஏம்மா சும்மா நிக்கிறீங்க?"

"மரத்துப் போகணுமே சார்."

"அது அவரோட வேலை. நீங்க உங்க வேலையப் பாருங்க."

அடுத்த வாரம் தர அலுவலர் திருமதி அவுவோர் வந்தார். வேகம் கூடலாம், தரம் குறையவே கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். இரு அலுவலர்களும் கூடி ஆலோசித்து ஒரு சமநிலையை எட்டினார்கள்: ஏழாம் நாள் புண்ணைப் பார்க்க வரச் சொல்லும் வழக்கம் ரத்து. பார்ப்பதால்தானே சீழ் தெரிகிறது? அந்தக் காலாண்டில் சிக்கல்கள் பூஜ்யம். இருவரும் ஒருவருக்கொருவர் பாராட்டுக் கடிதம் எழுதிக்கொண்டார்கள்.

அபோண்டியின் கட்டிலுக்குப் பக்கத்தில் ஒன்பது நிமிடக் கட்டில் ஒன்றும், அதற்கு ஒரு புது ஆளும் வந்து சேர்ந்தன. அதில் படுத்து எழுந்தவர்களில் ஒருவர் மீனவர் ஒகோலா. தண்ணீரில் இறங்கக்கூடாது என்று யாரும் சொல்லாததால் மூன்றாம் நாளே வலையோடு ஏரியில் இறங்கினார். பத்தாம் நாள் இரண்டு பேர் அவரைத் தூக்கி வந்தார்கள். உடம்பு நெருப்பாய்க் கொதித்தது.

இதைப் பதிவேட்டில் எங்கே எழுதுவது என்று அபோண்டி போனில் கேட்டாள். சிக்கல்களுக்கான பத்தியே நீக்கப்பட்டுவிட்டதால் 'ஏரி விபத்து' என்று எழுதும்படி ஆணை வந்தது. எழுதினாள். பிறகு பதினாறு நாள் தன் கையாலேயே புண்ணைக் கழுவிக் கட்டினாள். பிழைப்பாரா என்றுகூட இடையில் பயந்தாள். வீட்டுக்குக் கிளம்பும்போது ஒகோலா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

அடுத்த மாதம் அவர் தன் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தார். அபோண்டிக்கு மனம் நிறைந்தது. கட்டிலில் புது விரிப்பு விரித்தாள். அண்ணனும் தம்பியும் பக்கத்துக் கட்டிலின் வரிசையில் போய் நின்றார்கள். அங்கே முன்னால் இருபத்தெட்டுப் பேர்.

"ஒகோலா, இங்க யாருமே இல்லையே. இப்பவே செஞ்சிடறேன்."

அவர் தலையைச் சொறிந்தார். "தப்பா நினைக்காதீங்க சிஸ்டர். நீங்க ரொம்ப நேரம் எடுப்பீங்க."

அந்த ஒன்பது நிமிடத்துக்காக இருவரும் நான்கு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் நின்றார்கள்.