எதிர்ப்புச் சக்தி ஏற்றுகிறவர்

நம் ஊரில் 'எதிர்ப்புச் சக்தி ஏற்றுகிறவர்' என்று ஓர் இனம் உண்டு. கொரோனாவோடு முளைத்தது, கொரோனா போய்விட்டது, இது போகவில்லை. உங்களுக்குத் தும்மலா, முழங்கால் வலியா, மகளுக்கு வரன் அமையவில்லையா? எதிர்ப்புச் சக்தி குறைவு.

ஆரப்பாளையத்தில் செல்போன் கவர் விற்கும் ஆண்டிச்சாமி இந்த இனத்தின் தலைமகன். ராத்திரி பரோட்டாவைச் சால்னாவில் ஊறப்போட்டுத் தின்றுவிட்டு, காலையில் இஞ்சி, மஞ்சள், வேப்பங்கொழுந்து, பெயர் சொல்ல மறுக்கும் ஒரு வேர் எல்லாவற்றையும் கொதிக்கவைத்து, பிளாஸ்கில் ஊற்றிக்கொண்டு, "எதிர்ப்புச் சக்தி அணு அம்புட்டும் குடல்லதாண்ணே இருக்கு" என்று, யூடியூபில் பாதி பார்த்த வீடியோவை நமக்கு முழுதாக ஊட்டுவார். மீதிப் பாதியை யார் பார்ப்பது?

பக்கத்துக் கடை சூரியபிரகாஷுக்குப் பெருங்குடலில் புண். ரத்தமாகப் போனது. டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "குடலோட உட்சுவர்ல இருக்கிற எதிர்ப்புச் சக்தி அணுக்கள் காவல்காரன் மாதிரி. சோறு எது, கிருமி எதுன்னு பார்த்துத்தான் அடிக்கும். உங்களுக்கு அது ஆள் தெரியாம குடலையே அடிக்குது. இந்த மாத்திரை அதை அடக்கி வைக்கும். நிறுத்திடாதீங்க."

ரத்தம் நின்றது. ஆண்டிச்சாமிக்குத்தான் பொறுக்கவில்லை.

"என்ன மாப்ள, எதிர்ப்புச் சக்தியக் குறைக்கவா மாத்திரை? தூக்கிப் போடுங்க. நம்ம கசாயத்தக் குடிங்க."

"டாக்டரம்மா நிறுத்தக் கூடாதுன்னாங்கண்ணே."

"அவுங்களுக்கு என்ன தெரியும்?"

அதானே! வருஷக்கணக்கில் குடலையே படித்தவருக்குக் குடலைப் பற்றி என்ன தெரியும்?

சூரியபிரகாஷ் மாத்திரையை நிறுத்திவிட்டுக் கசாயத்துக்கு மாறினார். அடங்கிக் கிடந்த காவல்காரர்கள் கம்பைத் தூக்கினார்கள். ரத்தம் மறுபடி கொட்ட, ஆட்டோவில் அள்ளிப்போட்டுக்கொண்டு ஓடினார்கள். பெருங்குடலை வெட்டி எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்றார்கள் ஆஸ்பத்திரியில். மனைவி திவ்யா வராந்தாவில் நின்று அழுதாள்.

அங்கேயும் வந்தார் நம்மவர். வெட்கத்தோடு அல்ல, பிளாஸ்கோடு!

"கால் டம்ளர்தான் குடிச்சிருக்காப்ல தங்கச்சி. அரை டம்ளராக் குடிச்சிருந்தா..."

திவ்யா பிளாஸ்கைப் பிடுங்கி வாஷ்பேசினில் கவிழ்த்தாள். "அண்ணே, இன்னும் ஒரு வார்த்த பேசுனீங்க, ஒங்க கொடல நான் உருவிருவேன்!"

கூட்டமே அவள் பக்கம். அவர் மட்டும், "தங்கச்சிக்கு எதிர்ப்புச் சக்தி ஜாஸ்தி" என்று முனகிக்கொண்டே நழுவினார்.

பெருங்குடல் போயிற்று. ஆள் மிஞ்சினார்.

நீங்களும் ஆண்டிச்சாமியைத் திட்டுகிறீர்கள், நல்லது. ஆனால் 'ரத்தமாகப் போனது' என்று படித்தபோதே, 'அடடா, மணத்தக்காளியும் மோரும் கொடுத்தால் மூன்றே நாளில் சரியாகிவிடுமே' என்று உங்கள் நாக்கு நுனிக்கு வந்ததே, அதைத் தயவுசெய்து விழுங்கிவிடுங்கள். உங்கள் குடலுக்கு ஒன்றும் ஆகாது.